கடல் உயிரியல்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் பள்ளிக் கண்காட்சிகளிலும் மீன் கடை வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்னபடியே எடுத்து இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படியுங்கள். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை.

கடல் உயிரியல்னா மீனைப் பத்தின படிப்புதானே?

மீன் அதில் ஒரு சின்னப் பங்கு. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் பாக்டீரியா மட்டுமே லட்சக்கணக்கில் இருக்கும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள். அவற்றில் தொடங்கி இறால், சங்கு, பவளம், கடற்புல், ஆமை, திமிங்கிலம் வரை எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். நீரோட்டம், அலை, உப்பின் அளவு ஆகியவை கடலியல்; பிடிப்பும் வளர்ப்பும் மீன்வள அறிவியல். மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது.

என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, ஏன் கூடிக் குறைகிறது என்பவைதான் கேள்விகள். இதில் நேரத்தை விழுங்குவது 'எத்தனை'. கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றித்தான்.

செட்டிநாட்டுல கடலே இல்லையே, இங்க இருந்துக்கிட்டு இதைப் படிக்க முடியுமா?

தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் பாக் விரிகுடாக் கரையில் நிற்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டி வளாகத்தில்தான் இருக்கிறது. காரைக்குடிக்குள்ளேயே 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் கடல்நீரில் உலோகம் அரிப்பதை ஆராய்கிறது. அதற்கு மண்டபத்திலும் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. கப்பலடியில் கொட்டலசு என்னும் ஓட்டு உயிரியும் பாசியும் ஒட்டுவதும் இந்த அரிப்போடு சேர்ந்த விஷயம். தகடுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டு, 30 நாள் கழித்துத் தூக்கி, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள்.

அது தவிர, காலையில் ஊர் மீன் கடைக்கு வரும் கூடையே ஒரு மாதிரித் தொகுப்புதான். ஆனால் எந்தக் கரையில், எந்த வலையில், என்றைக்குப் பிடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டால்தான் அது மாதிரி. இல்லாவிட்டால் குழம்புக்குத்தான் ஆகும்.

என்ன படிக்கணும்? நீச்சல் தெரியணுமா?

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, விலங்கியலோ தாவரவியலோ பட்டம் முடித்து, கடல் உயிரியலில் முதுகலை சேர்வது ஒரு வழி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இதில் பழைய பெயர். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டம் இன்னொரு வழி.

நீச்சல் தெரிந்தால் நல்லது. தெரியாதவர்களும் ஆய்வகத்தில் நிறைய வேலை செய்கிறார்கள். கணக்கும் புள்ளியியலும் வராது என்றால்தான் சிரமம்.

பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் ஒரே தண்ணிதானே, ஏன் பிரிச்சுப் பேசுறாக?

தனுஷ்கோடிப் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கும் ஆழம், சேறும் மணலுமான தரை, பரந்த கடற்புல் வெளி. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

வாடைக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், அந்தப் பக்கம் அமைதி. தென்மேற்குப் பருவத்தில் நேர்மாறு. வடகிழக்கு மழை ஆற்று நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதால் விரிகுடாவில் உப்பும் இறங்கும். அதனால் ஜனவரியில் இங்கே எடுத்ததையும் ஜூலையில் அங்கே எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இடத்தால் வந்த வித்தியாசம் எது, காலத்தால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. மாணவர் திட்டக் கட்டுரைகளில் அதிகம் வரும் பிழை இதுதான்.

கடல் தண்ணிய ஒரு பாட்டில்ல மொண்டுக்கிட்டு வந்தா ஆராய்ச்சிக்கு ஆகுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. உப்பளவு பார்க்க ஆகும். பாட்டிலை அதே கடல்நீரால் மூன்று முறை அலசிவிட்டு, கரையோரக் கலங்கலை விட்டு இடுப்பளவு ஆழத்தில், மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். உப்பளவைக் கைக்குள் அடங்கும் ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டே படித்துவிடலாம். முதலில் காய்ச்சி வடித்த நீரில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும்.

கரைந்த ஆக்ஸிஜனுக்கு இந்தப் பாட்டில் ஆகாது. அதற்குக் கண்ணாடி மூடியுள்ள தனிப் புட்டி வேண்டும். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே, கடற்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது; வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தால், வழியில் பாட்டிலுக்குள் இருந்த உயிர்கள் சுவாசித்துத் தீர்த்த மிச்சத்தைத்தான் அளப்பீர்கள்.

சீட்டு எழுதும்போது பேனா வேண்டாம், பென்சில். இடம், நாள், மணி, ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, எடுத்தவர் பெயர். ஒரு சீட்டு வெளியே ஒட்ட, ஒன்று உள்ளே போட. வெளிச்சீட்டு ஐஸ் பெட்டியில் ஊறி உரிந்துவிடும்.

பிளாங்டன் வலையை வீட்லயே தைக்கலாமா?

தைக்கலாம். பிளாங்டன் என்பது நீரில் மிதக்கும் சின்னத் தாவரங்களும் விலங்குகளும்தான். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் நைலான் துணி கிடைக்கும். சென்டிமீட்டருக்கு 120 இழை என்று கேளுங்கள். துளை ஏறத்தாழ 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 50 பங்கு) வரும், மிதவைத் தாவரத்தில் பெரிய வகைகளுக்கும் சின்ன மிதவை விலங்குகளுக்கும் போதும். மிதவை விலங்கு மட்டும் என்றால் 200 மைக்ரான் துளை.

கெட்டியான கம்பியில் 30 செ.மீ. விட்டத்துக்கு வளையம், கூம்பின் நீளம் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 90 செ.மீ. நுனியில் 250 மி.லி. பாட்டிலைப் பட்டையால் இறுக்குங்கள். வளையத்தில் சம தூரத்தில் மூன்று கயிறு கட்டி ஒரே முடிச்சில் சேர்க்க வேண்டும். இரண்டு கட்டினால் வாய் சாய்ந்துவிடும். தையலை வெளிப்பக்கம் வைத்து இரண்டு முறை அடியுங்கள், உள்மடிப்பில் உயிரிகள் சிக்கி அடுத்த மாதிரியோடு கலந்துவிடும்.

வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) கட்டி இழுக்கும்போது நடை வேகம் போதும். வேகமாக இழுத்தால் வலை தண்ணீரை வடிகட்டாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கலங்கிய பாக் விரிகுடாவில் ஐந்து நிமிடத்திலேயே துளை அடைத்துவிடும் என்பதால் இழுக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும். தூக்கியதும் வெளிப்பக்கமிருந்து தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் பாட்டிலுக்குள் இறக்குங்கள். உள்பக்கமிருந்து ஊற்றினால் வடிகட்டாத நீரும் சேரும்.

வலையில நெறைய விழுந்துச்சு. ஆனா எவ்வளவுன்னு கேட்டா சொல்லத் தெரியலையே?

வடிகட்டிய நீரின் கன அளவு தெரியாமல் 'நிறைய' என்பதற்கு அர்த்தம் இல்லை. வாயின் பரப்பை இழுத்த தூரத்தால் பெருக்குங்கள். மேலே சொன்ன வலைக்குப் பரப்பு 0.07 சதுர மீட்டர்; 50 மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 3.5 கன மீட்டர். வலை வாயில், நுழையும் நீரை அளக்கும் ஓட்டமானி பொருத்தினால் இன்னும் சரியாக வரும், நீரோட்டத்தை எதிர்த்து இழுத்ததா கூட இழுத்ததா என்ற குழப்பமும் தீரும்.

பாட்டிலில் உள்ளதை 100 மி.லி. ஆக்கி, நன்றாகக் கலக்கி, அகல வாய்க் குழாயால் 1 மி.லி. எடுத்து எண்ணும் தட்டில் விடுங்கள். அந்தத் தட்டு 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், சரியாக 1 மி.லி. பிடிக்கும். 40 எண்ணினால் மொத்தம் 4,000, 3.5ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,140. மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் கனமானவை அடியிலேயே தங்கி, எண் பாதியாகிவிடும்.

ஃபார்மலின் எவ்வளவு ஊத்தணும்? ஊத்தியும் நாறுதே?

ஃபார்மலின் மாதிரியைக் கெடாமல் வைக்கும் திரவம். கடையில் வருவது 37 முதல் 40 சதவீதக் கரைசல். மாதிரி ஒன்பது பங்குக்கு அது ஒரு பங்கு. முடிவில் 4 சதவீதம். நாறினால் பாட்டிலில் உயிரிகள் திணித்துக் கிடக்கின்றன என்று அர்த்தம், படிந்த உயிரிகள் பாட்டிலில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஃபார்மலின் நாள்பட அமிலமாகி ஓடுகளைக் கரைக்கும், ஆகவே முன்பே வெங்காரம் (போராக்ஸ்) கலந்து வையுங்கள். மிதவைத் தாவரத்துக்கு அயோடின் கரைசல், தேயிலைச் சாயம் வரும்வரை.

மரபணு பார்க்கப் போவதாக இருந்தால் ஃபார்மலினைத் தொடாதீர்கள், டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும், 95 சதவீத ஆல்கஹால். ஃபார்மலின் புற்றுநோய் விளைவிக்கும் பொருள். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல், குறிப்பாக வீட்டு அடுப்படியில், வேண்டவே வேண்டாம்.

மீனுக்கு வயசு எப்படிப் பாக்குறாக?

மண்டைக்குள் இருக்கும் காதுக்கல்லை வைத்து. அது சுண்ணாம்புக் கல். மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காக வளரும். மூன்று ஜோடி உண்டு, பெரிய ஜோடியைத்தான் எடுப்பார்கள். பழகிப் பார்க்கப் பன்னா மீன் வாங்குங்கள், அதற்குக் கல் பெரிது. கண்ணுக்கு மேலே கத்தியைக் கிடையாக வைத்து மண்டை ஓட்டைப் பின்பக்கமாகச் சீவினால் மூளை தெரியும். மூளையை ஒதுக்கினால் அடியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கும். இடுக்கியால் எடுத்து, சவ்வைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, காகித உறையில் போட்டு மீனின் நீளத்தையும் எடையையும் உறையிலேயே எழுதுங்கள். ஃபார்மலினில் போட்டால் முன் பதிலில் சொன்னபடி கரையும். புளிக் குழம்பில் கொதித்த தலையிலிருந்து எடுத்தாலும் ஓரம் தேய வாய்ப்பு உண்டு.

இனி சிக்கல். குளிர்நாட்டு மீனுக்குக் குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்பதால் ஆண்டு வளையம் பளிச்சென்று விழும். நம் கடலில் ஆண்டு முழுக்க வெதுவெதுப்புதான், வளையம் மங்கல். அதனால் கல்லைத் தேய்த்து மெலிதாக்கி நுண்ணோக்கியில் நாள் வளையங்களை எண்ணுகிறார்கள். அல்லது மாதாமாதம் நூற்றுக்கணக்கான மீனை அளந்து, எந்த நீளத்தில் கூட்டம் குவிகிறது, அந்தக் குவியல் மாதத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறார்கள்.

நண்டுல ஆண் பெண் எப்படித் தெரியும்? சினை நண்டை ஏன் எடுக்காதேங்கிறாங்க?

கவிழ்த்துப் பாருங்கள். வயிற்று மூடி ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். நீலக்கால் நண்டில் நீலம் ஆணுக்குத்தான் தூக்கலாக இருக்கும். ஓட்டின் அகலத்தை இரு பக்க முள் நுனிக்கு நடுவே அளக்க வேண்டும்.

மூடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் முட்டைத் திரள் முதலில் மஞ்சள், ஆரஞ்சு, பிறகு பழுப்பு, கருஞ்சாம்பல் ஆனால் இன்றோ நாளையோ பொரியும். ஒரு நண்டில் முட்டை லட்சக்கணக்கில் இருக்கும்; எடுத்தால் அத்தனையும் போகும், அதனால்தான் எடுக்காதே என்கிறார்கள். ரசத்துக்கு ருசி என்று தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆய்வாளருக்கு அந்த நிறமே தகவல்: எந்த மாதத்தில் கறுத்த சினை அதிகம் வருகிறதோ அதுதான் இனப்பெருக்கத்தின் உச்சம்.

எங்க வீட்டுச் சுவரு கிளிஞ்சல் சுண்ணாம்புல பூசினதுன்னு ஆச்சி சொல்றாக. அதுல கடல் உயிரியல் இருக்கா?

சுவர் முழுக்க அதுதான். கிளிஞ்சல் என்பது மெல்லுடலி கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கட்டிய ஓடு. அதைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் நீற்றிய சுண்ணாம்பு. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி ஓட்டின் பொருளாகவே இறுகுகிறது.

இதே வேதியியல் கடலில் பின்னோக்கி நடக்கிறது. காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடைக் கடல் உறிஞ்ச, மேல்மட்ட நீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடுகிறது) தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த சுமார் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கிவிட்டது. 0.1 சின்ன எண்ணாகத் தெரியும். மடக்கை அளவு என்பதால் அமிலத் தன்மை கால் பங்குக்கு மேல் கூடியதாகப் பொருள். கடல் அமிலமாகிவிடவில்லை, இன்னும் காரம்தான். ஆனால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. முதலில் திணறுவது சிப்பி, பவளம் இவற்றின் குஞ்சுப் பருவம்.

வலம்புரிச் சங்குன்னு விக்கிறாங்க. நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சங்கின் கூர்முனையை மேலே, வாயை உங்களைப் பார்த்து வைத்துப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்தால் அது சாதாரணச் சங்கு, இடப்பக்கம் திறந்தால் வலம்புரி. நாம் வலம்புரி என்பதை உயிரியல் 'இடச்சுழி' என்கிறது. பிடிக்கும் முறை மாறியதால் பெயர் மாறியது, பொருள் ஒன்றே. இந்தச் சங்கினத்தில் இடச்சுழி மிக அபூர்வம்.

ஏமாற்று எங்கே என்றால், அமெரிக்கக் கரையில் வாழும் வேறு ஒரு நத்தை இனம் இயல்பாகவே இடச்சுழி. அதன் ஓட்டைத் தேய்த்து வெளுத்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள்: நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரி கையில் தட்டும். அந்த நத்தையில் தண்டு வழவழப்பு.

கடல் திடீர்னு பச்சையாகி மீன் செத்து ஒதுங்குதே, யாரும் விஷம் கலந்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பெருக்கம் அது. நாக்டிலூக்கா என்ற, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒற்றைச் செல் உயிரி. அதற்குள் குடியிருக்கும் பச்சைப் பாசிதான் நிறம் தருகிறது. இரவில் கலக்கினால் நீலமாக ஒளிரும். 2019இல் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. பெருக்கம் மடிந்து அழுகும்போது ஆக்ஸிஜன் தீர்கிறது, அம்மோனியாவும் சேர்கிறது.

நிரூபிக்க, தண்ணீர் பாட்டில் பதிலில் சொன்ன ஆக்ஸிஜன் புட்டியை விடிவதற்கு முன் எடுக்க வேண்டும். இரவெல்லாம் சுவாசம் மட்டுமே நடந்து அளவு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது. நண்பகலில் எடுத்தால் ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜன் நிறைந்திருந்து, 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தாங்காது.

கடல்ல இருக்குற மீனை எப்படிங்க எண்ண முடியும்?

எண்ண முடியாது, மதிப்பிடலாம். 200 மீனுக்கு அடையாள வில்லை மாட்டி விடுங்கள். கலந்தபின் 150 பிடித்ததில் 10 மீனில் வில்லை இருந்தால், 200ஐ 150ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க 3,000. ஆனால் பாதி வில்லை உதிர்ந்து 5 மட்டும் கிடைத்திருந்தால் விடை 6,000. மீன் பெருகவில்லை, வில்லைதான் விழுந்தது. அதனால் ஒரே மீனுக்கு இரண்டு வில்லை மாட்டி உதிர்வு விகிதத்தையும் பார்ப்பார்கள். கழிமுகம் போன்ற அடைத்த இடத்துக்கு இது பொருந்தும். திறந்த கடலில் மீன் போய்க்கொண்டே இருக்கும்.

அங்கே பிடிப்பை உழைப்பால் வகுப்பார்கள். போன ஆண்டு 10 படகு 500 கிலோ, இந்த ஆண்டு 20 படகு 700 கிலோ என்றால் மீன் கூடவில்லை; படகுக்கு 50 கிலோ 35 ஆகியிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. தடை முடிந்த வாரத்துப் பிடிப்பை மார்ச் மாதத்தோடு ஒப்பிடுவது, நான்காம் கேள்வியில் சொன்ன தவறின் இன்னொரு முகம்.

ஆவுளியாவ எண்ணிட்டாங்களா?

ஆவுளியா என்பது கடற்புல் மேயும் கடற்பசு. பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் எண்ணுவது கடினம்: அது மூச்சு விடச் சில நிமிடத்துக்கு ஒரு முறை, சில நொடிகள்தான் மேலே வரும். கலங்கிய நீரில் டிரோன் பறந்தாலும் அடியில் இருப்பது தெரியாது. ஆகவே கண்டது எத்தனை, கண்ணில் படாமல் தப்பியிருக்கக் கூடியது எத்தனை என்று திருத்தம் போட வேண்டும். புல்லை வேரோடு மேய்ந்து போன தடம் தரையில் வளைந்து வளைந்து கிடக்கும். அதை அளந்தும், மீனவர்கள் பார்த்த இடத்தைக் கேட்டுக் குறித்தும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணியில என்னென்ன மீன் இருக்குன்னு சொல்லிடலாமாமே?

ஓரளவு. மீன் உதிர்க்கும் செதில், சளி, கழிவில் இருக்கும் டி.என்.ஏ.வை 0.45 மைக்ரான் வடிதாளில் பிடித்து, பிரதியெடுத்துப் பெருக்கி, ஏற்கெனவே தெரிந்த மீன்களின் டி.என்.ஏ. பதிவேட்டோடு ஒப்பிடுவது. இனப்பெயர் வரும், எத்தனை, எந்த வயது என்பது வராது. ஒப்பிடும் பதிவேட்டில் இல்லாத மீனுக்குப் பெயரும் வராது.

கெடுவது பெரும்பாலும் கையால். காலையில் வஞ்சிரம் கழுவிய கையோடு பாட்டிலைத் தொட்டால் தொண்டிக் கரையில் வஞ்சிரம் என்று முடிவு வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் சுத்தமான நீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய், அங்கேயே திறந்து, அதையும் வடிகட்டிச் சோதிக்க வேண்டும். அதில் மீன் வந்தால் அன்றைய வேலை முழுக்கச் சந்தேகம்.

ஒரே இடத்துல ரெண்டு பேரு கணக்கெடுத்தா ரெண்டு எண்ணு வருதே, யாரை நம்புறது?

கடற்புல் கணக்கில் இது தினமும் வரும். கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் கயிறு மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் தள்ளி விரிப்பார்கள். ஒவ்வொரு 5 மீட்டரிலும் அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்தால் கயிற்றுக்கு 11, மொத்தம் 33 சட்டம். சட்டத்துக்குள் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். இங்கேதான் ஒருவர் 40 என்பார், மற்றவர் 55 என்பார்.

இறங்கும் முன் அளவு தெரிந்த படங்களை வைத்து இருவரும் பழகி, வித்தியாசம் 10க்குள் வரும்வரை திரும்பப் பார்க்க வேண்டும். நடுவில் ஆளை மாற்றக் கூடாது. மாற்றினால் யார் எந்தச் சட்டம் பார்த்தார் என்று தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் நேர் மேலிருந்து படம் எடுங்கள், கயிற்று எண் எழுதிய பலகை படத்துக்குள் விழ வேண்டும். நிழல் விழாமல் இருக்கச் சூரியன் எதிரே நில்லுங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணில் தகராறு வந்தால் கணினியில் அந்தப் படத்தின் மேல் 100 புள்ளி தூவி, புல் மேல் எத்தனை விழுகிறது என்று மறுபடி எண்ணிக்கொள்ளலாம்.